வாரம் ஒரு மாலை, மூன்று ஆட்டம்: பௌலிங் லீக்கில் பட்டத்துக்கு ஆடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் மில்வாக்கி பக்கம் குடியிருக்கிறேன். ஏழு வருடமாகச் செவ்வாய்க்கிழமை இரவு லீக்கில் ஆடுகிறேன். அலுவலகத்தில் புதிதாகச் சேரும் நம் ஊர்ப் பிள்ளைகளும், கோவில் விசேஷங்களில் பார்க்கும் நண்பர்களும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைக் கேட்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பௌலிங் என்றால் கிரிக்கெட்டில் பந்து போடுவதா?

இல்லை. இது பத்துப் பின் பௌலிங். 60 அடி தள்ளி முக்கோணமாக நிற்கும் பத்து மரப் பின்களை, கனமான பந்தை உருட்டி விழவைக்க வேண்டும். லீக் என்பது வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாள், ஒரே அரங்கம், அதே அணிகள், செப்டம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை. எங்கள் லீக்கில் அணிக்கு நான்கு பேர். ஒவ்வொருவரும் ஒரு இரவில் மூன்று ஆட்டம் ஆடுவோம்.

வேலை, வீடு, குழந்தைகள் என்று ஓடுகிறவர்கள் கூடும் இடம் இது. லாரி ஓட்டுகிறவர், பள்ளி ஆசிரியை, நர்ஸ், ஓய்வு பெற்ற மதுபான ஆலைத் தொழிலாளி எல்லோரும் எங்கள் லீக்கில் உண்டு. பொழுதுபோக்குக்குத்தான் வருகிறோம். ஆனால் பட்டம் என்று ஒன்று இருக்கிறது, அது எல்லோருக்கும் வேண்டும்.

ஸ்கோர் எப்படிப் போடுகிறார்கள்?

ஒரு ஆட்டத்தில் பத்து ஃப்ரேம். ஒவ்வொரு ஃப்ரேமிலும் இரண்டு பந்து. முதல் பந்திலேயே பத்தும் விழுந்தால் ஸ்ட்ரைக். அந்தப் பத்தோடு அடுத்த இரண்டு பந்தில் விழுவதும் சேரும். இரண்டு பந்தில் பத்தும் விழுந்தால் ஸ்பேர். அடுத்த ஒரு பந்து மட்டும் சேரும். இரண்டும் இல்லையென்றால் விழுந்த பின் எத்தனையோ அவ்வளவுதான், அதற்கு ‘ஓப்பன்’ என்று பெயர்.

உதாரணமாக, முதல் ஃப்ரேமில் ஸ்ட்ரைக், இரண்டாவதில் 7ம் 3ம் அடித்து ஸ்பேர், மூன்றாவதில் 6ம் 2ம். முதல் ஃப்ரேமுக்கு 20, இரண்டாவதுக்கு 16, மூன்றாவதுக்கு 8, ஆக 44. பத்தாவது ஃப்ரேமில் ஸ்ட்ரைக் அடித்தால் கூடுதலாகக் கிடைக்கும் இரண்டு பந்தையும் சேர்த்து, பன்னிரண்டு ஸ்ட்ரைக்கும் வரிசையாக விழுந்தால் 300, அதுதான் உச்சம். கணக்கை எல்லாம் திரையே போட்டுக் காட்டிவிடும். ஆனாலும் கையால் ஒரு முறை போட்டுப் பாருங்கள். ஒரு ஸ்பேரின் விலை என்னவென்று அப்போதுதான் உறைக்கும்.

என் சராசரி 140தான். நான் இருக்கும் அணி பட்டத்துக்கு ஆசைப்படலாமா?

தாராளமாக. ஹேண்டிகேப் என்ற ஏற்பாடு அதற்காகத்தான் இருக்கிறது. நன்றாக ஆடுகிறவருக்கும் சுமாராக ஆடுகிறவருக்கும் இருக்கும் இடைவெளியில் பெரும்பகுதியை லீக்கே நிரப்பிக் கொடுக்கும். எங்கள் லீக்கில் 220இலிருந்து உங்கள் சராசரியைக் கழித்து, வருவதில் 90 சதவீதம் தருகிறார்கள். பின்னத்தை விட்டுவிடுவார்கள்.

உங்கள் சராசரி 142 என்று வையுங்கள். வித்தியாசம் 78, அதில் 90 சதவீதம் 70. எதிரில் ஆடுகிறவரின் சராசரி 195 என்றால் அவருக்குக் கிடைப்பது 22. அன்று நீங்கள் 165 அடிக்கிறீர்கள், அவர் 205 அடிக்கிறார். உங்களுக்கு 235, அவருக்கு 227. ஜெயித்தது நீங்கள்.

இரண்டு பேரும் சரியாகத் தங்கள் சராசரியையே அடித்தால் அவருக்கு 217, உங்களுக்கு 212. அதாவது 90 சதவீதம் என்பதால் நல்ல ஆட்டக்காரருக்குச் சின்ன சாதகம் இருக்கத்தான் செய்கிறது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. உழைத்துக் கற்றவனுக்கு அந்த ஐந்து பின் இருக்கட்டும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் மோதுவது எதிரணியோடு இல்லை, உங்கள் சராசரியோடு. நான்கு பேரும் தங்கள் சராசரியை விடப் பத்துப் பின் கூடுதலாக அடிக்கும் அணியை, ஒரே ஒரு பெரிய ஆட்டக்காரரை நம்பி இருக்கும் அணியால் பிடிக்க முடியாது.

பட்டம் எப்படி முடிவாகிறது?

லீக்குக்கு லீக் மாறும். முதல் வாரக் கூட்டத்தில் தரும் விதித்தாளைப் படித்துவிடுங்கள். எங்களுக்கு ஒரு இரவில் ஏழு புள்ளி: ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு, மூன்று ஆட்டத்தின் மொத்தத்துக்கு ஒன்று. சீசனை இரண்டு பாதியாகப் பிரித்து, முதல் பாதியில் முதலாவதாக வந்த அணியும் இரண்டாம் பாதியில் முதலாவதாக வந்த அணியும் ஏப்ரலில் ஒரே இரவில் மோதும். இதற்கு ‘ரோல் ஆஃப்’ என்பார்கள். இரண்டு பாதியையும் ஒரே அணி எடுத்துவிட்டால் மோதலே இல்லை.

நடுவில் ‘பொசிஷன் ரவுண்டு’ வாரங்கள் வரும். அன்று முதலிடம் இரண்டாமிடத்தோடும், மூன்றாமிடம் நான்காமிடத்தோடும் ஆட வேண்டும். அந்த வாரத்தில் யாரும் ஊருக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்மைப் போன்றவர்களைச் சேர்த்துக்கொள்வார்களா?

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் தயங்கித்தான் கேட்பார்கள். சேர்த்துக்கொள்வார்கள், மனதாரச் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் எப்போதும் அப்படி இருக்கவில்லை, அதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த ஆட்டத்துக்கு ஒரே மாதிரி விதி வகுத்த அமெரிக்கன் பௌலிங் காங்கிரஸ் 1895இல் நியூயார்க்கில் தொடங்கியது. பிற்பாடு அதன் தலைமையகம் பல பத்தாண்டுகள் எங்கள் மில்வாக்கி பக்கம்தான் இருந்தது. வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று அது விதி வைத்திருந்தது. கறுப்பின ஆட்டக்காரர்கள் 1939இல் டெட்ராய்ட்டில் தங்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்கினார்கள். அவர்களோடு ஜப்பானிய அமெரிக்கர்களும், கார்த் தொழிலாளர் சங்கமும் சேர்ந்து போராடி, 1950இல்தான் அந்த விதி போனது. பெண்களுக்கு 1916 முதலே தனிச் சங்கம் இருந்தது. 2005இல் அந்தப் பெண்கள் சங்கமும் அமெரிக்கன் பௌலிங் காங்கிரஸும் உள்ளிட்டவை ஒன்றாகி யுனைடெட் ஸ்டேட்ஸ் பௌலிங் காங்கிரஸ் ஆனது. இன்று பெரும்பாலான லீக்குகள் பின்பற்றுவது அதன் விதிகளைத்தான்.

நான் என் பெயர் போட்ட சட்டையோடு லேனில், அதாவது பந்து உருளும் பாதையின் முன்னால், நிற்கும்போது, யாரோ எனக்கு முன்னால் வந்து திறந்துவிட்டுப் போன கதவு இது என்ற நினைப்பு வரும்.

பட்டம் வேண்டுமென்றால் எதைப் பயிற்சி செய்ய வேண்டும்? ஸ்ட்ரைக்கா?

ஸ்பேர், ஸ்பேர், ஸ்பேர். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஸ்ட்ரைக்கே இல்லாமல், ஒவ்வொரு ஃப்ரேமிலும் முதல் பந்தில் 9, அடுத்த பந்தில் மிச்சம் ஒன்று என்று அடித்துக்கொண்டே போனால் மொத்தம் எவ்வளவு? 190. லீக்கில் பாதிப் பேர் கனவில் காணும் ஸ்கோர் அது. மாறாக, நிற்கும் ஒரு பின்னைத் தவறவிட்டால் போவது ஒரு பின் மட்டும் இல்லை. அடுத்த பந்தில் சேரவேண்டிய எட்டோ ஒன்பதோவும் சேர்ந்து போகிறது. ஒரு ஆட்டத்தில் இரண்டு முறை அப்படி விட்டால் இருபது பின் அம்போ. தொழில்முறை ஆட்டத்தில் 47 பட்டம் வென்ற வால்டர் ரே வில்லியம்ஸ் ஜூனியரை எல்லோரும் புகழ்வது அவர் ஸ்பேருக்காகத்தான்.

பின்களுக்கு முன்வரிசையிலிருந்து, இடமிருந்து வலமாக 1 முதல் 10 வரை எண் உண்டு. வலது கைக்காரருக்கு எமன் பத்தாம் பின், அதாவது கடைசி வரிசையில் வலது ஓரத்தில், கட்டர் என்ற ஓரப் பள்ளத்தை ஒட்டித் தனியாக நிற்பது. முதல் பந்து நன்றாகத்தான் போயிருக்கும், பின்கள் சிதறும் சத்தம் கேட்கும், திரும்பிப் பார்த்தால் அது மட்டும் ஆடாமல் நிற்கும். வளைகிற பந்தை அதை நோக்கிப் போட்டால், கடைசி நேரத்தில் பந்து இடதுபக்கம் திரும்பிப் பின்னைத் தொடாமலே போய்விடும். அதற்கு, வளையாத பிளாஸ்டிக் பந்தை எடுத்து, லேனின் இடது கோடியில் நின்று, குறுக்காக நேர்கோட்டில் விட வேண்டும். தோள் அந்த மூலையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். கையைச் சுழற்றக் கூடாது, கைகுலுக்கப் போவது போல நீட்டி விட வேண்டும்.

மற்ற ஸ்பேர்களுக்கு 3-6-9 என்று ஒரு கணக்கு இருக்கிறது. லேன் 39 பலகைகளால் ஆனது. ஸ்ட்ரைக்குக்கு நிற்கும் இடத்திலிருந்து, இடதுபக்கம் இருக்கும் இரண்டாம் பின்னுக்கு வலதுபுறம் மூன்று பலகை நகருங்கள். நான்காம் பின்னுக்கு ஆறு, ஏழாம் பின்னுக்கு ஒன்பது. லேனில் குறி வைப்பதற்காகப் போட்டிருக்கும் அம்பு மாறாது, கால் மட்டும் மாறும். இடது கைக்காரர்களுக்கு எல்லாம் தலைகீழ்.

நான் சனிக்கிழமை காலையில் போய் ஒரு மணி நேரம் பயிற்சி எடுத்தால், அதில் இருபது நிமிடம் பத்தாம் பின்னுக்கு மட்டும். எல்லாப் பின்னும் நிற்கும்போதே அந்த ஒன்றை மட்டும் தொட்டுப் போகும்படி உருட்டுவேன். பக்கத்து லேனில் பிறந்தநாள் கொண்டாடும் குழந்தைகளுக்கு நான் என்ன செய்கிறேன் என்றே புரியாது.

சொந்தப் பந்து வாங்கியே ஆக வேண்டுமா?

முதல் இரண்டு மாதம் வேண்டாம். அப்புறம் வாங்குங்கள். அரங்கத்துப் பந்தின் ஓட்டை யார் விரலுக்கும் பொருந்தாது, அதனால் இறுக்கிப் பிடிப்பீர்கள், இறுக்கிப் பிடித்தால் நேராக விட முடியாது. அரங்கத்தில் இருக்கும் கடையில் உங்கள் விரலையும் கையகலத்தையும் அளந்து துளை போட்டுத் தருவார்கள். 16 பவுண்டுதான் விதி அனுமதிக்கும் அதிகபட்ச எடை. அதைத் தூக்கித்தான் ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மூன்றாவது ஆட்டத்தின் கடைசி ஃப்ரேமிலும் சிரமமில்லாமல் வீசக்கூடிய எடை எதுவோ அதுதான் உங்கள் எடை. எனக்கு 14.

ஒரே ஒரு பந்து என்றால் வளைகிற ரியாக்டிவ் வகையை விட முதலில் பிளாஸ்டிக்கை வாங்குங்கள் என்பேன். கடைக்காரர் வேறு சொல்வார்.

ஷூ கட்டாயம் சொந்தமாக வேண்டும். வலது கைக்காரருக்கு இடது ஷூவின் அடிப்பாகம் வழுக்கும், வலது ஷூ பிடித்து நிறுத்தும். இங்கே விஸ்கான்சின் குளிரில் வாசலில் எல்லாம் பனி உருகிக் கிடக்கும். அந்த ஈரம் ஒரு சொட்டு வழுக்கும் ஷூவில் பட்டால் போதும், ஓடிவந்த கால் சட்டென்று ஒட்டிக்கொள்ளும், உடம்பு மட்டும் முன்னால் போகும். கழிவறைக்கோ வாசலுக்கோ போகும்போது ஷூவுக்கு மேல் உறை மாட்டுங்கள்.

முதல் ஆட்டத்தில் நன்றாக விழுகிறது, மூன்றாவதில் எதுவும் சரியாக வருவதில்லை. ஏன்?

களைப்பு கொஞ்சம், எண்ணெய் அதிகம். லேன் மீது இயந்திரம் எண்ணெய் பூசியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. சாதாரண லீக்குகளில் நடுவில் அதிகமாகவும் ஓரத்தில் குறைவாகவும் பூசுவார்கள். அதனால் கொஞ்சம் வெளியே போன பந்தும் உலர்ந்த இடத்தில் பிடிப்புக் கிடைத்து உள்ளே திரும்பி வரும், உள்ளே போட்டது எண்ணெயில் வழுக்கி நேராகப் போகும். நம் தவறுகளை மன்னிக்கும் லேன் இது.

ஆனால் எட்டுப் பேர் ஒரே தடத்தில் உருட்டிக்கொண்டே இருந்தால் அங்கே எண்ணெய் கரைந்துவிடும். பந்துகளே அதைத் துடைத்து எடுத்துப் போகின்றன. பிறகு அதே இடத்தில் போட்ட பந்து சீக்கிரமே வளைந்து, முதல் பின்னின் நெற்றியில் மோதி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு பின் நிற்கிற ஸ்ப்ளிட்டாக விட்டுப் போகும். வலது கைக்காரர் அடிக்க வேண்டியது முதல் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் நடுவில் இருக்கும் பாக்கெட்டை.

பந்து இடப்பக்கம் தப்பினால் நீங்களும் இடப்பக்கம் நகருங்கள். காலை இரண்டு பலகை, குறியை ஒரு பலகை. ஒரு மோசமான பந்துக்காக நகர வேண்டாம். நன்றாக விட்ட பந்து இரண்டு முறை தப்பினால் தாமதிக்காதீர்கள். லீக்கில் இரண்டு லேனில் மாறி மாறி ஆட வேண்டும் என்பதால் இரண்டையும் தனித்தனியாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் கேப்டன் ஒரு சின்ன நோட்டில் ‘இடது 22, வலது 24’ என்று நிற்கும் பலகையை எழுதிக்கொண்டே இருப்பார். அவர் சராசரி 201.

ஆட்டம் நடக்கும்போது பந்தைத் துடைக்க உலர்ந்த துண்டு மட்டும்தான். திரவம் எதையும் தடவக் கூடாது, அது விதி. ஒவ்வொரு பந்துக்கும் முன் எண்ணெய்த் தடத்தைத் துடைத்துவிடுங்கள்.

ஒரு வாரம் வர முடியாவிட்டால்?

பல லீக்குகளில் வராதவருக்கு அவர் சராசரியிலிருந்து பத்தைக் கழித்துப் போட்டுக்கொள்வார்கள். மூன்று ஆட்டத்துக்கு முப்பது பின் போச்சு, கூடவே நல்ல நாளாக அமையும் வாய்ப்பும் போச்சு. முன்கூட்டியே தெரிந்தால், வேறு நாளில் வந்து ஆடி வைத்துவிட முடியுமா என்று செயலாளரிடம் கேளுங்கள். சில லீக்குகள் அனுமதிக்கும். டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்கள் டிக்கெட் போடும்போதே மாற்று ஆளைச் சொல்லி வைத்துவிடுங்கள். ஒவ்வொரு வாரமும் வந்து நிற்கும் நான்கு பேர்தான் கடைசியில் மேலே இருக்கிறார்கள், ஏழு வருடமாகப் பார்த்துவிட்டேன்.

வேண்டுமென்றே குறைவாக ஆடி ஹேண்டிகேப்பை ஏற்றிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்களாமே?

இருக்கிறார்கள். ‘சாண்ட்பேக்கிங்’ என்பார்கள். திருட்டு என்றுதான் நான் சொல்வேன். புள்ளி முடிவான பிறகு கடைசி ஃப்ரேமில் அலட்சியமாக உருட்டுவது, மூன்றாவது ஆட்டத்தில் மட்டும் ஸ்பேர் எல்லாம் தவறுவது, இப்படி. வாரந்தோறும் ஸ்கோர்த் தாளைப் பார்க்கிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், நடவடிக்கை எடுக்க விதியும் இடம் தருகிறது. உங்கள் அணியில் யாராவது ‘இந்த ஆட்டத்தை விட்டுவிடலாம்’ என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

யார் முதலில், யார் கடைசியில்?

முதலில் ஆடுகிறவர் ஸ்பேர் தவறாதவராக, முகம் மலர்ந்தவராக இருக்கட்டும். அணியின் மனநிலையை அவர்தான் தொடங்கி வைக்கிறார். கடைசி ஆளுக்கு ‘ஆங்கர்’ என்று பெயர். பத்தாவது ஃப்ரேமில் எல்லோர் கண்ணும் முதுகில் படும்போது கை நடுங்காதவர் அங்கே இருக்க வேண்டும். சராசரி அதிகம் என்பதற்காக மட்டும் ஒருவரை அங்கே நிறுத்தாதீர்கள்.

லேனில் எப்படி நடந்துகொள்வது?

பக்கத்து லேனில் ஒருவர் ஏற்கெனவே ஏறி நின்றால் நீங்கள் காத்திருங்கள். கோட்டைத் தாண்டிக் கால் பட்டால் ஃபவுல், அந்தப் பந்தில் விழுந்ததெல்லாம் பூஜ்யம். எதிரணி ஸ்ட்ரைக் அடித்தாலும் கையைத் தட்டிக் கொடுங்கள். இங்கே எல்லோரும் அப்படித்தான்.

ரோல் ஆஃப் இரவில் பதற்றத்தை எப்படிச் சமாளிப்பது?

என் அனுபவத்தைச் சொல்கிறேன். மூன்றாவது சீசனில் இரண்டாம் பாதியை நாங்கள் எடுத்திருந்தோம். ரோல் ஆஃப்பில் மூன்று ஆட்டத்தின் மொத்தப் பின்தான் கணக்கு. மூன்றாவது ஆட்டம், பத்தாவது ஃப்ரேம், என் முறை. முதல் பந்து பாக்கெட்டில்தான் போனது. பத்தாம் பின் மட்டும் நின்றது. பிளாஸ்டிக் பந்து பையிலேயே இருந்தது. எடுக்கக் குனியவில்லை. அவசரத்தில் கையில் கிடைத்த, வளைகிற பந்தையே போட்டேன். ஒரு விரல் இடைவெளியில் பின்னைத் தாண்டிப் போனது. நான்கு பின் வித்தியாசத்தில் தோற்றோம்.

எதிரணியில் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர், சராசரி 128. அன்று கடைசி ஆட்டத்தில் 151 அடித்தார். ஒரு பெரிய ஸ்ட்ரைக் வரிசை கிடையாது. நிற்கும் பின்னைப் பார்ப்பார், துண்டால் பந்தைத் துடைப்பார், ஒரு மூச்சு விடுவார், உருட்டுவார். முதல் வாரத்தில் எப்படிச் செய்தாரோ முப்பதாவது வாரத்திலும் அப்படியே. என் கையைப் பிடித்து, “அடுத்த வருடம் அந்தப் பின் உனக்காகக் காத்திருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதிலிருந்து நானும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரே வரிசையை வைத்துக்கொண்டேன்: துண்டு, மூச்சு, பலகை, அம்பு. ஸ்கோர் திரையைப் பத்தாவது ஃப்ரேமில் பார்ப்பதில்லை. பிளாஸ்டிக் பந்து எப்போதும் பந்து வரும் மேடையிலேயே இருக்கும். இரண்டு வருடம் கழித்து அதே கட்டத்தில் அதே பின் நின்றது. விழுந்தது. அந்த வருடப் பட்டம் எங்களுக்கு.

ஜெயித்தால் என்ன கிடைக்கும்?

வாரா வாரம் கட்டும் பணத்தில் ஒரு பங்கு அரங்கத்துக்கு, மறுபங்கு பரிசு நிதிக்கு. சீசன் முடிவில் இடத்துக்கு ஏற்பப் பிரித்துத் தருவார்கள். நான்கு பேருக்கும் பங்கிட்டால், எட்டு மாதம் கட்டியதில் ஒரு பகுதி திரும்ப வரும், அவ்வளவுதான். கூடவே ஒரு சின்னக் கோப்பை. எங்களுடையது ஆளுக்கு மூன்று மாதம் என்று வீடு வீடாகச் சுற்றியது. என் முறை நவராத்திரியில் வந்ததால் கொலுவின் கடைசிப் படியில் இடம் பிடித்துக்கொண்டது.

எப்போது, எப்படிச் சேர வேண்டும்?

ஆகஸ்டில். பக்கத்து அரங்கத்துக்குப் போய், ஹேண்டிகேப் லீக்கில் ஆள் தேவைப்படும் அணி இருக்கிறதா என்று முன்மேசையில் கேளுங்கள். அநேகமாக ஏதோ ஒரு அணியில் நான்காவது ஆள் இல்லாமல்தான் இருப்பார்கள். முன்பு ஆடிய சராசரி இல்லையென்றால் முதல் இரவு ஆடுவதை வைத்தே கணக்கிடுவார்கள், அதனால் அன்று இயல்பாக ஆடுங்கள். மில்வாக்கி பக்கம் இருக்கிறவர்கள் செவ்வாய் மாலை ஆறரைக்கு வந்தால், ஏழு மணி ஆட்டத்துக்கு முன்னால் பத்தாம் பின்னை எப்படி அடிப்பது என்று நானே காட்டித் தருகிறேன்.